முதுகுப்பையில் அமர்ந்த தலைமை: 'பேஞ்ஜோ-கஸூயி' நிகழ்பட விளையாட்டில் தலைமைப் பாத்திரமும் துணைப் பாத்திரமும்

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் உருவாக்கி, 1998இல் நிண்டெண்டோ 64 கருவிக்கு வெளிவந்த 'பேஞ்ஜோ-கஸூயி' குடும்பத்தினர் அனைவரும் விளையாடத்தக்க சாகச விளையாட்டாக அறியப்படுவது. கரடியைத் தலைமைப் பாத்திரமாகவும் பறவையைத் துணைப் பாத்திரமாகவும் கொண்ட இவ்விளையாட்டில், செயலாற்றல் எப்பாத்திரத்திடம் உள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தலைமை, துணை என்னும் படிநிலையை இயக்க அளவில் தலைகீழாக்கும் இவ்விளையாட்டு, பெண் உடல் குறித்த பழைய மதிப்பீடுகளைக் கதை அளவில் அப்படியே தக்கவைத்துக்கொள்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, துணைப் பாத்திரம், இயக்கம், நகைச்சுவை, பெண் உடல்

முன்னுரை

நிகழ்பட விளையாட்டைக் கதையாக மட்டும் வாசிப்போர் அதன் இயக்கத்தைத் தவறவிடுகின்றனர். இயக்கமாக மட்டும் காண்போர் அது சொல்லும் கதையைப் பொருட்படுத்துவதில்லை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களே திறனாய்வுக்கு உரியவை. 'பேஞ்ஜோ-கஸூயி' அத்தகைய முரண் கொண்ட படைப்பு. கிரண்டில்டா என்னும் சூனியக்காரி, பேஞ்ஜோவின் தங்கை டூட்டியைக் கவர்ந்து செல்கிறாள். டூட்டியின் அழகை ஓர் எந்திரத்தின் வழியே தனதாக்கிக்கொள்வது அவளுடைய நோக்கம். கரடியும் பறவையும் ஒன்பது உலகங்களைக் கடந்து டூட்டியை மீட்க வேண்டும்.

துணையின் தோற்றம்

கஸூயி பாத்திரம் உருவான முறை கவனத்திற்குரியது. பேஞ்ஜோ இரண்டாம் முறை தாவுவதற்கு அதன் முதுகுப்பையிலிருந்து இறக்கைகள் வெளிப்படலாம் என்பதே வடிவமைப்பாளர்களின் தொடக்க எண்ணம். பின்னர், விரைந்து ஓடுவதற்குக் கால்களும் வெளிப்படலாம் எனக் கருதினர். இவ்வுறுப்புகளுக்கு உரிய உயிர் ஒன்று பையினுள் இருத்தல் வேண்டும் என்ற முடிவே கஸூயியாயிற்று. எனவே, கதையின் தேவைக்காகப் படைக்கப்பட்ட தோழமை அன்று இது. தலைமைப் பாத்திரத்திடம் இல்லாத ஆற்றலே பெயரும் குணமும் பெற்றுத் துணைப் பாத்திரமாக வளர்ந்துள்ளது.

துணைப் பாத்திரம் என்றதும் தமிழ் ஆய்வாளர் நினைவில் அகமரபின் பாங்கன் எழுதல் இயல்பு. ஆயின் பாங்கன் இடித்துரைப்பான், உடன் நிற்பான். தலைவனுக்குரிய செயலைத் தான் செய்வதில்லை. கஸூயியோ செயலையே தன் கையில் எடுத்துக்கொள்கிறது. இவ்வேறுபாடு இப்பாத்திரத்தின் தனித்தன்மையைத் தெளிவாக்குகிறது.

இயக்கத்தில் படிநிலை

பேஞ்ஜோ தனித்துச் செய்வன சிலவே: நடத்தல், தாவுதல், ஏறுதல், உருளுதல், நகத்தால் அடித்தல். செங்குத்தான சரிவில் அதன் கால் வழுக்கும். அவ்விடத்தில் கஸூயி தன் கால்களை நீட்டிப் பேஞ்ஜோவை முதுகில் சுமந்து ஏறுகிறது. முட்டைகளை எறிதல், அலகால் தரையை இடித்தல், செவ்விறகுகளைச் செலவிட்டுப் பறத்தல், பொன்னிறகுகளைச் செலவிட்டுத் தீங்குறாமல் காத்தல் ஆகியனவும் பறவைக்கே உரியன. உலகங்கள் விரிய விரியப் பாட்டில்ஸ் என்னும் அகழெலி கற்பிக்கும் புதிய திறன்களிலும் மிகப் பெரும்பான்மை கஸூயியைச் சார்ந்தவை.

கட்டுப்பாட்டுக் கருவியின் அமைப்பும் இதற்குச் சான்றாகிறது. இத்திறன்களுள் பலவற்றுக்கு ஆட்டக்காரர் முதலில் ஒரு பொத்தானை அழுத்திப் பேஞ்ஜோவைக் குனியச் செய்ய வேண்டும். தலைமைப் பாத்திரம் குனிந்த பின்னரே துணைப் பாத்திரம் செயலில் எழுகிறது. அதே வேளையில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே உயிர்நிலை அளவுதான் உண்டு. அடி எவர் மீது விழுந்தாலும் இழப்பு இருவருக்குமானது. படிநிலையைத் தளர்த்தும் இவ்வமைப்பைச் சொல்லின்றி இயக்கத்தாலேயே நிகழ்த்தியது இவ்விளையாட்டின் உயர்ந்த சாதனை எனலாம்.

2000இல் வெளிவந்த 'பேஞ்ஜோ-டூயி' இச்சிந்தனையை மேலும் நீட்டிக்கிறது. அதில் குறிப்பிட்ட இடங்களில் இருவரும் பிரிந்து செயல்படலாம். பிரிந்த பேஞ்ஜோ பெறும் புதிய திறன்களுள் பல வெற்றுப் பையைப் பயன்படுத்துவன: பிறரை அதில் ஏற்றிச் செல்லுதல், அதனுள் உறங்கி உயிர்நிலையை மீட்டல், அதனுள் ஒடுங்கிக் குறுகிய வழியில் நுழைதல். துணை நீங்கிய வெற்றிடமே தலைமைப் பாத்திரத்தின் ஆற்றலாகிறது. பிரிவைக் குறையாக மட்டும் காட்டாத நுட்பம் இங்கு உள்ளது.

நகைச்சுவையும் பெண் உடலும்

இயக்கத்தில் காணப்படும் இத்துணிவு கதையில் இல்லை. கிரண்டில்டாவின் பருத்த உடல், முதுமை, தூய்மையின்மை ஆகியவை தொடர்ந்து நகைப்புக்குரியனவாக்கப்படுகின்றன. அவளுடைய சகோதரி பிரெண்டில்டா மாளிகையின் பல இடங்களில் தோன்றி, கிரண்டில்டாவின் அருவருப்பான பழக்கங்களைச் சொல்கிறாள். இவை வெறும் வேடிக்கைச் செய்திகள் அல்ல. இறுதிக்கட்ட வினாவிடைப் போட்டியில் இவை வினாக்களாக வருவதால் ஆட்டக்காரர் நினைவில் கொள்ள வேண்டியவையாகின்றன. ஒரு பெண்ணுடல் பற்றிய ஏளனம் இங்கு வெற்றிக்குரிய அறிவாக மாற்றப்படுகிறது. ஆட்டத்தைக் கைவிட்டால் வரும் காட்சியும் இம்மதிப்பீட்டையே உறுதிசெய்கிறது: கிரண்டில்டா மெலிந்த அழகியாகிறாள், டூட்டி அருவருப்பான உருவம் பெறுகிறது. தோல்வியின் கொடுமை, அழகு இடம் மாறியதாகவே காட்டப்படுகிறது.

பிறரை இழித்துரைப்பது கிரண்டில்டாவின் இயல்பு மட்டுமன்று. கஸூயியும் எதிர்ப்படுவோரையெல்லாம் ஏசுகிறது, பாட்டில்ஸையும் விட்டுவைப்பதில்லை. கஸூயியின் வசை சுட்டித்தனமாகவும், கிரண்டில்டாவின் வசை தீமையாகவும் கொள்ளப்படுகின்றன. கடத்தல் என்னும் குற்றம் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம் என வாதிடலாம். ஆயினும் நகைப்புக்கு இலக்காவது அவளுடைய குற்றமன்று, உடலே. எதுகை நயத்தோடு மட்டுமே பேசும் அவளே இவ்விளையாட்டின் மிகத் திறமான சொல்லாளி என்பதும் மறுக்கவியலாதது. 'பேஞ்ஜோ-டூயி'யில் அவள் எலும்புக்கூடாக மீள்கிறாள். எதுகைப் பேச்சையும் விடுமாறு அவளுடைய சகோதரிகள் வற்புறுத்துகின்றனர். உடலும் மொழிநயமும் ஒருங்கே பறிக்கப்படுகின்றன.

டூட்டியின் நிலை வேறு. பெரும்பகுதி மீட்கப்பட வேண்டிய பொருளாகவே இருக்கும் அது, மீட்கப்பட்ட பின் ஒரே ஒரு முறை கதையை நகர்த்துகிறது: அனைவரும் விருந்தில் மகிழ்ந்திருக்க, கிரண்டில்டா தப்பிவிட்டதை நினைவூட்டி இறுதிப் போருக்கு வழிவகுக்கிறது. அவ்வொரு கணம், தொடக்கம் முதலே அதற்கு அளித்திருக்கக்கூடிய பங்கினை உணர்த்துகிறது.

முடிவுரை

'பேஞ்ஜோ-கஸூயி'யில் மூன்று பெண் பாத்திரங்கள் மூன்று நிலைகளில் உள்ளன. கஸூயி செயலாற்றுகிறது; டூட்டி காத்திருக்கிறது; கிரண்டில்டா ஏளனத்துக்கு உள்ளாகிறாள். முதல் நிலை இயக்கத்தின் தேவையால் புதிதாகப் பிறந்தது. மற்ற இரண்டும் பழங்கதைகளிலிருந்து ஆய்வின்றி எடுத்துக்கொள்ளப்பட்டவை. வன்முறையும் ஆபாசமும் இன்மையே 'குடும்பத்துக்கு உகந்தது' என்னும் அடையாளத்தின் அளவுகோலாகக் கொள்ளப்படும்போது, சிறார் எதைக் கண்டு நகைக்கப் பழகுகின்றனர் என்னும் வினா எழாமலே போகிறது. விளையாட்டுத் திறனாய்வு இயக்கத்தையும் நகைச்சுவையையும் இணைத்து வாசிப்பின், அவ்வினாவைத் தவிர்க்க இயலாது.