கடன்கொடுத்தோன் தோன்றாத மேடை
(நிஜவாழ்வுத் தொலைக்காட்சி பற்றிய ஒரு நோக்கு)

கடனைப் பொருளாகக் கொண்ட பழைய நாடகங்களிற் கடன்கொடுத்தோன் தவறாது மேடைக்கு வருவான். சேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' ஷைலொக் இன்றி நடைபெறாது. இப்சன் 1879இல் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்திலே குரொக்ஸ்ராட் என்பான் நோறாவின் வீட்டினுள்ளேயே வந்து நின்று தன் பத்திரத்தைப் பற்றிப் பேசுகின்றான். அந்நாடகத்தின் தொடக்கத்தில் நோறா ஓர் ஊதாரியாகவே அறிமுகமாகின்றாள். கணவனும் அவளை அவ்வாறு கூறியே செல்லமாகக் கடிந்துகொள்கின்றான். அவனுடைய உயிரைக் காக்க வேண்டி மேற்கொண்ட பயணத்துக்காக அவள் இரகசியமாகக் கடன்பட்டவள் என்பதும், அவன் வீண்செலவு எனக் கருதிய பணத்திற் பெரும்பகுதி அக்கடனைத் தீர்க்கவே சென்றது என்பதும் பின்னரே புலனாகின்றன. கணவனின் ஒப்புதலின்றி மனைவி கடன்பெற இயலாத காலம் அது. ஊதாரித்தனம் என்னும் ஒழுக்கக் குற்றச்சாட்டிலே தொடங்கும் நாடகம், சட்டம், திருமணம், பணம் ஆகியவற்றுக்கு இடையேயுள்ள உறவிலே வந்து முடிகின்றது.

இருபத்தோராம் நூற்றாண்டின் நிஜவாழ்வுத் தொலைக்காட்சி இதே வழியில் எதிர்த்திசை நோக்கிச் செல்கின்றது. நடிகரல்லாத சாதாரண மக்களை அவர்தம் வாழ்விடத்திலேயே படம்பிடித்து, அவர்களுடைய உண்மையான இடர்ப்பாடுகளைக் கதையாகத் தொகுத்து அளிக்கும் இவ்வகை நிகழ்ச்சிகளிற் கடன் ஒரு நிலையான பொருளாக இடம்பெற்றுள்ளது. அவற்றுள்ளே பெரிதும் பேசப்பட்ட ஒன்றினை முதலில் நோக்கலாம்.

2005இல் கனடாவில் தொடங்கி 2011 வரை புதிதாகத் தயாரிக்கப்பட்டு வந்த 'ரில் டெற் டு அஸ் பார்ட்' என்னும் தொடரின் தலைப்பே ஒரு சிலேடை. கிறித்தவத் திருமண உறுதிமொழியில் வரும் 'மரணம் எம்மைப் பிரிக்கும்வரை' என்னும் தொடரில் மரணத்தின் இடத்திற் கடன் அமர்த்தப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களின் ஓசையும் நெருங்கியிருப்பது தயாரிப்பாளர்களுக்கு வாய்த்த நல்லூழ் என்றே சொல்லவேண்டும். நிகழ்ச்சியை நடத்தியவர் ஜமெய்க்காவிற் பிறந்து கனடாவிற் குடியேறிய கெயில் வாஸ்-ஒக்ஸ்லேட். வாரந்தோறும் கடனில் மூழ்கிய ஒரு தம்பதியின் வீட்டிற்கு அவர் வருவார். வரவையும் செலவையும் கூட்டிக் காட்டுவார். இவ்வாறே வாழ்ந்தால் ஐந்தாண்டுகளிற் கடன் எவ்வளவாகும் எனக் கணக்கிட்டு அவர்களைத் திடுக்கிடச் செய்வார். கடனட்டைகள் வெட்டப்படும். உணவு, போக்குவரத்து, உடை என ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கண்ணாடிப் போத்தல் ஒதுக்கப்பட்டு, அதற்குள்ளே தாட்காசு இடப்படும். போத்தல் வெறுமையானாற் செலவும் நிற்கவேண்டும். இடையிடையே சில சோதனைகள் வைக்கப்படும். இறுதியில், திருந்திய அளவுக்கேற்ப, 5,000 டொலர் வரையிலான காசோலை வழங்கப்படும்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவது எளிது. ஆயின் அது நியாயமாகாது. வீட்டுக் கணக்கை அயலார் முன் வைப்பது நாணத்துக்குரியதாக இருந்த சமூகத்திலே, அக்கணக்கை எண்களோடு திரையிற் காட்டிய துணிவு இந்நிகழ்ச்சிக்கு உரியது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மறைத்த கடன்கள் வெளிவரும் கணங்களில், எழுதி வைத்த நாடகங்களிற் காண்டற்கரிய உண்மை வெளிப்படுகின்றது. போத்தல் முறையும் பயனுள்ளதே. அட்டையாற் செலவிடுவோனுக்குப் பணம் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. போத்தலில் அது தெரிகின்றது.

எனினும் கலைவடிவம் என்ற முறையில் நோக்குமிடத்து இங்கே ஓர் அடிப்படைக் குறைபாடு உண்டு. கதையமைப்பு பாவ அறிக்கையை ஒத்தது: குற்றம் வெளிப்படுதல், கண்ணீர், தண்டனை, சோதனை, மீட்பு, பரிசு. இவ்வமைப்பிற் பாவி ஒருவர் வேண்டும், குரு ஒருவர் வேண்டும். மூன்றாமவர் ஒருவருக்கு அங்கே இடமில்லை. அந்த அட்டையை வழங்கியது யார், திருப்பிச் செலுத்த இயலாதவர் என அறிந்தும் வரம்பை உயர்த்தியது யார், வட்டி வீதத்தை வகுத்தது யார் என்னும் வினாக்கள் கதையின் ஓட்டத்திலே எழுவதேயில்லை. கடன் ஓர் இருவழி ஒப்பந்தம். திரையிலோ அது ஒருவருடைய குணக்கேடாக மாறிவிடுகின்றது.

இதற்கு நடத்துநரைக் குறைகூறிப் பயனில்லை. கமராவின் இயல்பும் இதற்குத் துணைபோகின்றது. அலுமாரி நிறைந்த சப்பாத்துகளைப் படம்பிடிக்கலாம். உணவகத்துப் பற்றுச்சீட்டுகளை மேசையிற் பரப்பிக் காட்டலாம். கூட்டுவட்டியை எவ்வாறு படம்பிடிப்பது? உயர்ந்துகொண்டே செல்லும் வீட்டு வாடகைக்கு என்ன முகம் உண்டு? கண்ணுக்குத் தெரியும் செலவே காரணமெனத் தோன்றுவதும், கண்ணுக்குத் தெரியாதது காரணமாகாது போவதும் இவ்வாறே நிகழ்கின்றன. விளம்பரத்தால் வாழும் தொலைக்காட்சி, நுகர்வைக் கண்டிக்கும் காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையிலே நுகரும்படி அழைக்கும் விளம்பரங்களை வைக்கின்றது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கண்ணுக்குத் தெரியும் செலவு உண்மையிலேயே காரணந்தானா? அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வொறன் தம் மகளோடு இணைந்து 2003இல் வெளியிட்ட 'இரு வருமானப் பொறி' என்னும் நூல் இவ்வினாவையே எழுப்பியது. பணவீக்கத்தைக் கழித்துக் கணக்கிட்டால், 1970களின் தொடக்கத்தில் வாழ்ந்த குடும்பத்தைவிட அக்காலக் குடும்பம் உடைக்கும் உணவுக்கும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவாகவே செலவிட்டது என அந்நூல் காட்டிற்று. கூடியவை வீடு, மருத்துவக் காப்புறுதி, குழந்தைப் பராமரிப்பு போன்ற தவிர்க்கவியலாத செலவுகளே. வங்குரோத்தான குடும்பங்களுட் பெரும்பாலானவை வேலையிழப்பு, நோய், மணமுறிவு ஆகியவற்றால் வீழ்ந்தவை. அமெரிக்க முடிவுகளை அவ்வாறே கனடாவுக்குப் பொருத்துதல் தவறாகும். அங்கே அரச மருத்துவக் காப்பு உண்டு. ஆயினும் சப்பாத்து அலுமாரியே கடனின் ஊற்று எனக் கொள்ளும் திரைக்கதையை ஐயுறுவதற்கு இந்நூல் போதுமானது.

கனடாவின் நிலையைத் தனியே நோக்கினாலும் ஓர் முரண் தென்படும். 2008ஆம் ஆண்டு நெருக்கடியை அடுத்து அந்நாட்டு மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை 2009 ஏப்ரலில் 0.25 சதவீதமாகக் குறைத்தது. கடன்படுதல் மலிந்தது, வீட்டு விலைகளும் ஏறின. தொடர் முடிவுற்ற 2011இல் கனடியக் குடும்பங்களின் கடன், அவர்தம் செலவிடத்தக்க ஆண்டு வருமானத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தது. திரையிலே வாரம் ஒரு வீட்டிற் கத்தரிக்கோல் அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் இவை. ஒரு தொலைக்காட்சித் தொடர் நாட்டின் கடனைக் குறைக்கவேண்டும் என எவரும் எதிர்பார்க்கமாட்டார். ஆனால் அது தந்த விளக்கத்துள் அடங்காத ஏதோவொன்று வெளியே நடந்துகொண்டிருந்தது என்பது தெளிவு.

அமெரிக்காவின் சி.பி.எஸ். 2015இல் ஒளிபரப்பிய 'த பிரீவ்கேஸ்' பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. இடர்ப்படும் ஒரு குடும்பத்திடம் 101,000 டொலரைக் கொடுத்து, அதில் எவ்வளவை இடர்ப்படும் மற்றொரு குடும்பத்துக்கு ஈவீர்கள் எனக் கேட்பதே அதன் உத்தி. அந்த மற்றக் குடும்பத்திடமும் இதே வினா கேட்கப்படுவதை இவர்கள் அறியார். ஏழ்மையின் முன்னே ஏழ்மையை நிறுத்தி நடுவராக அமர்ந்த அலைவரிசை, தன்னை எவ்வினாவுக்கும் உட்படுத்தவில்லை.

பிரித்தானியாவிலோ கடன்கொடுத்தோனின் கை மட்டும் திரைக்கு வந்தது. சனல் 5 அலைவரிசை 2014 முதல் 2018 வரை நடத்திய தொடரின் பெயர் 'கொடுக்க இயலாதா? எடுத்துச் செல்வோம்!' என்பதாகும். மேல் நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் முகவர்கள் கடனாளியின் கதவைத் தட்டுவதும், பொருள்களைக் கணக்கெடுப்பதும், குடியிருப்போரை வெளியேற்றுவதுமே இதன் கதை. கனடியத் தொடரின் குருவுக்குப் பதிலாக இங்கே முகவர் கதாநாயகரானார். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி இம்முகவர்களின் கட்டணம் கடனாளியின் தலையிலேயே விழும். அறிவித்தல் அனுப்பும் முதற் கட்டத்துக்கே அப்போது 75 பவுண் கடனோடு சேர்ந்தது.

லண்டனில் 2015இல் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு தம்பதி, தாம் அதிர்ச்சியுற்று நின்ற கோலம் ஒளிபரப்பானதற்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். அப்பகுதி 36 தடவை ஒளிபரப்பாகி, 96 இலட்சத்துக்கும் மேற்பட்டோராற் பார்க்கப்பட்டிருந்தது. பொதுநலன் கருதியே காட்டினோம் என்பது அலைவரிசையின் வாதம். 2018இல் மேல் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நிகழ்ச்சியின் நாட்டம் பொதுநலன் சார்ந்த விடயங்களில் அன்றி, வீட்டுரிமையாளர் தரப்புக்கும் குடியிருந்தோருக்கும் மூண்ட பூசலிலேயே இருந்தது என்றும், நல்ல தொலைக்காட்சி கிடைக்கவேண்டும் என்பதற்காக முகவரே அப்பூசலைத் தூண்டினார் என்றும் நீதிபதி கண்டார். ஒவ்வொருவருக்கும் 10,000 பவுண் நட்டஈடு விதிக்கப்பட்டது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. விமர்சகர்கள் சொல்லவேண்டியதை ஒரு நீதிபதி சொல்லநேர்ந்தது. நிஜவாழ்வு எனப்பட்டது, நெறியாளப்பட்ட நாடகமே என்பது சாட்சியங்களோடு பதிவாயிற்று.

இவ்வடிவம் வேறெவ்வாறும் அமைய இயலாதா? ஜேர்மனியிலே 2007இல் ஆர்.ரி.எல். அலைவரிசையிற் தொடங்கிய 'கடனிலிருந்து வெளியே' என்னும் தொடர் இங்கு குறிப்பிடத்தக்கது. அதனை நடத்திய பீற்றர் சுவேகற் தொழில்முறையிற் கடன் ஆலோசகர். பெருந்தாள்கள் கொண்ட ஒரு பலகையில் வரவையும் கடனையும் தம் கையாலேயே எழுதிக் காட்டுவது அவர் வழக்கம். அங்கும் கண்ணீர் உண்டு, குடும்பச் சச்சரவும் உண்டு. அவற்றைத் தேடிச் செல்லும் கமராவும் உண்டு. ஆனாற் கணக்கு முடிந்ததும் அவர் கடனாளியைத் திருத்துவதோடு நின்றுவிடுவதில்லை. கடன்கொடுத்தோரை அணுகி, எவ்வளவைத் தள்ளுபடி செய்வீர்கள் எனப் பேரம் பேசுகின்றார். தனியாள் கடன்நிவாரணத்துக்கு 1999 முதல் அந்நாட்டுச் சட்டத்தில் வழியிருப்பதும் அவருடைய பேச்சுக்கு வலுவூட்டியிருக்கலாம். குரொக்ஸ்ராட்டைப் போல் அவர்கள் வீட்டினுள்ளே வந்து நிற்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் அவர்களிடமும் ஒரு கேள்வி கேட்கப்படுகின்றது. அவர்களும் அதற்கு மறுமொழி சொல்லவேண்டியிருக்கின்றது.