இயந்திரச் செவியும் கரிச்சானின் பல குரலும்

பொழுது புலரும் வேளையில் பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில், தாவரப் பூங்காவை ஒட்டி நிற்பவர் செவியில் ஒரு குரல் மட்டும் தனித்து விழுவதில்லை. கொண்டைக்குருவி, மாங்குயில், குக்குறுவான், சில்வண்டு ஆகிய எல்லாவற்றின் ஒலியும் கலந்தே வந்து சேரும். எது எங்கிருந்து பாடுகிறது, எது எதற்கு விடை கூறுகிறது என்று பிரித்தறிதல் பழகிய காதுக்கும் அரிது. அவ்வரிய பணிக்கு ஏற்றது என இன்று போற்றப்படுவது, இயந்திர மனிதனுக்காக ஆக்கப்பட்ட செவியாகும். அப்போற்றுதல் எவ்வளவு தகும் என ஆராய்தல் நலம்.

இச்செவி ஜப்பானில் உருவானது. பலர் ஒரே நேரத்தில் பேசும் கூடத்தில், யார் எங்கிருந்து என்ன சொன்னார் என்பதை இயந்திர மனிதன் அறிய வேண்டும் என்பதே தொடக்க நோக்கம். பத்துப்பேர் ஒருங்கே கூறியவற்றையும் சோட்டோகு இளவரசர் தவறாது கேட்டார் என்பது அந்நாட்டுக் கதை. தமிழ்நாட்டு அவதானிகளை நினைவூட்டும் அத்திறனை இயந்திரத்துக்கு ஊட்டக் கசுஹிரோ நகடாய், ஹிரோஷி ஒகுனோ முதலிய அறிஞர் முயன்றனர். ஹோண்டா ஆராய்ச்சி நிலையமும் கியோட்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆக்கிய 'ஹார்க்' என்னும் கணினி நிரல் 2008-ல் வெளியாயிற்று. நகோயா பல்கலைக்கழகத்து ரெய்ஜி சுசுகியும் துணைவரும் அதனைக் காட்டுப் பறவைகளுக்கு ஏற்ப அமைத்து, 'ஹார்க்பேர்ட்' என்ற பெயரில் 2017-ல் கட்டுரையாக வெளியிட்டனர்.

இதன் தத்துவம் எளியது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இரண்டு ஒலிவாங்கிகள் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பின், பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒன்றை அடைந்த பின் மற்றதை அடைய நொடியின் 3,400-ல் ஒரு பங்கு தாமதமாகும். அத்தாமதமே திசையைக் காட்டிக்கொடுக்கும். எட்டு ஒலிவாங்கிகளை ஒரு தொகுதியாக அமைத்தால், பல திசைக் குரல்களைத் தனித்தனியே பிரிக்கலாம். இரண்டு மூன்று தொகுதிகளை வெவ்வேறிடத்தில் வைத்தால், திசைக்கோடுகள் சந்திக்கும் இடமே பறவை இருக்கும் இடமாகும்.

ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் 'பேர்ட்நெட்' போன்ற நிரல்கள் கைபேசியிலேயே இருக்க, இடமறிதலால் வரும் பயன் யாது என்று வினவலாம். இதற்குக் கரிச்சானே விடை கூறும். பினாங்கு மலைக்காட்டில் வாழும் துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் பாவனை செய்வதில் வல்லது. இலங்கையின் சிங்கராஜக் காட்டுக் கரிச்சான்களை ஆராய்ந்த ஈபன் குடேலும் சரத் கொட்டகமவும் 2006-ல் வெளியிட்ட முடிவு சுவையானது. ஆபத்து நேர்கையில் அவை பிற பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும் பகைவிலங்கின் குரலையும் எழுப்பும். ஆபத்தில்லாத வேளையில், பாட்டினூடே பிற பறவைகளின் வேறு ஓசைகளைக் கலக்கும். பெயர் மட்டும் அறிந்த கருவி இந்த ஒரு பறவையைப் பல பறவைகளாக எண்ணிவிடக் கூடும். இடமும் அறிந்த கருவியோ, பல இனக் குரல்கள் ஒரே கிளையிலிருந்து அடுத்தடுத்து வருவதைக் காட்டி ஐயத்தை எழுப்பும்.

விடியலில் ஆனைச்சாத்தன்கள் தம்முள் பேசிக்கொள்வதாகத் திருப்பாவையில் ஆண்டாள் காட்டுகிறாள். அப்பறவையைக் கரிச்சான் இனமென்று கொள்வாருண்டு. பேச்சு என்றால் சொல்பவரும் கேட்பவரும் ஆகிய இருவர் வேண்டும். எக்குரலுக்கு எத்திசையிலிருந்து விடை வந்தது என அறியும் கருவியே அவ்விருவரையும் தேட வல்லது. இச்செவியின் உண்மையான பெருமை இதுவே.

ஆயினும் குறைகளும் உள. கரிச்சான் பல இனப் பறவைகளோடு கூட்டமாகத் திரியும் இயல்புடையது. ஆதலால் ஒரே கிளையிலிருந்து வந்த ஐந்து குரல் ஒரு கரிச்சானுடையதோ, ஐந்து பறவைகளுடையதோ என்பதைத் திசை மட்டும் தீர்க்காது. சில்வண்டின் இரைச்சல் மெல்லிய குரல்களை மூடிவிடும். எல்லாவற்றினும் பெரிய குறை, பாடாத பறவை பதிவில் இல்லாமையே.

இவை ஏட்டளவில் நிற்கும் ஐயங்கள் அல்ல. பினாங்கு மலையை 2021-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அங்கு எவை வாழ்கின்றன, எவை அருகுகின்றன என்ற கணக்கைப் பொறுத்தே காவல் அமையும். ஒன்றைப் பலவாக எண்ணினால் நலிந்த காடும் வளமாகத் தோன்றும். மௌனத்தை இன்மை என்று கொண்டால், உள்ள பறவையையே இல்லையென எழுத நேரும்.

ஆதலின் இயந்திரச் செவி வரட்டும். இரவு பகல் அயராது கேட்கட்டும். ஆனால் பதிவில் எழும் ஐயத்தைத் தீர்க்க, பறவை அறிந்த ஒருவர் மலையேறி அக்கிளையைக் கண்ணால் பார்த்து வருதல் வேண்டும். அந்த நடையை மிச்சப்படுத்தவே இச்செவியை வாங்குவாராயின், கரிச்சானின் பாவனையும் மெய்யென்றே கணக்கில் ஏறிவிடும்.