சிகிச்சை விளக்கத்திற் சித்திரக்கதை: ஒரு மதிப்பீடு

நோயாளர் அளிக்கும் சம்மதம் விளக்கத்தின்மேல் எழுந்ததாயின் மட்டுமே சம்மதம் எனப்படும். கலைச்சொற்கள் செறிந்த படிவத்திற் கையொப்பம் பெறப்படினும், விளக்கம் நிகழ்வதில்லை என்னும் குறை நெடுநாளையது. இதனை நீக்கச் சித்திரக்கதை உதவுமா என்பதைப் பேர்லின் சாரித்தே மருத்துவமனையினர் ஆராய்ந்தனர். 2019 இல் வெளிவந்த அவ்வாய்வு, இதயத்துட் கதீற்றர் செலுத்தப்படவிருந்த 121 நோயாளரைப் பற்றியது. வழமையான விளக்கம் மட்டும் பெற்றோர் 13 வினாக்களுள் ஏறத்தாழ 9 இற்கும், அதனுடன் சித்திரக்கதையும் பெற்றோர் ஏறத்தாழ 12 இற்கும் சரியாக விடையிறுத்தனர். பின்னையோரின் அச்சமும் தணிந்தது.

இது வியப்பன்று. மணிக்கட்டிலோ தொடையடியிலோ நாடியைத் துளைத்து நுழையும் மெல்லிய குழாய் இதயத்தை அடையும் வழியைச் சொற்கள் ஒவ்வொன்றாகவே கூறவல்லன. படமோ ஒருங்கே காட்டுகின்றது. கட்டங்களாக நகரும் கதையில், அடுத்து நிகழ்வதை நோயாளர் தம் வேகத்திற் காணலாம். ஐயுற்றவிடத்து மீளவும் நோக்கலாம்.

எனினும் இரண்டு தடைகள் ஈண்டு எழுப்பற்பாலன. முதலாவது, ஒரு சாரார் பெற்றது கூடுதலான விளக்கமாகும். ஆகவே பயன் சித்திரத்தாலாயதா, மீள விளக்கியதாலாயதா என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகாது. அதே செய்தியை எளிய உரைநடையிற் பெற்றோருடனும் ஒப்பிட்டாலன்றிச் சித்திரத்தின் தனிச்சிறப்பு நிறுவப்படாது. இரண்டாவது, அச்சந் தணிதல் வேறு, ஆபத்தை அறிதல் வேறு. குருதிப்பெருக்கு, மாரடைப்பு, பக்கவாதம் முதலாய அரிய விளைவுகளை இனிய கோட்டுருவங்கள் மென்மையாக்கிவிடவுங் கூடும்.

ஆதலின், நோயாளர் இசைந்தனரா என்பது சித்திரக்கதைக்கு அளவுகோலாகாது. வினவவும், வேண்டின் மறுக்கவும் அவரை அது வல்லவராக்கிற்றா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.