சாட்ஸ்வொர்த்: காத்தவர்களா, கலைத்தவர்களா?

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது சாட்ஸ்வொர்த். வில்லியம் கேவண்டிஷும் அவர் மனைவி பெஸ்ஸும் 1549இல் 600 பவுனுக்கு வாங்கிய நிலம். இன்றும் அதே வம்சத்து டெவன்ஷயர் டியூக்குகளின் இருப்பிடம். தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்தார்கள் என்பதே இவர்களுக்கு வழங்கும் புகழ். அது எவ்வளவு தூரம் செல்லும்?

முதல் டியூக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூல் பிடித்தாற்போன்ற பாத்திகளும், படிகளில் நீர் வழியும் செயற்கை அருவியும் அமைத்தார். அருவி தப்பியது, பாத்திகளில் பெரும்பகுதியை நான்காம் டியூக், நிலக்காட்சி வடிவமைப்பாளர் 'கேப்பபிலிட்டி' பிரவுனைக் கொண்டு புல்வெளியாக்கினார். ஆறாம் டியூக்கின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய மாபெரும் கண்ணாடிக்கூடத்தை 1920இல் குடும்பமே வெடிவைத்துத் தகர்த்தது. ஆக, பின்னவர் கலைக்கத் துணிந்ததும் இந்த மரபின் ஒரு பகுதிதான்.

கலைந்தது தோட்டம் மட்டுமல்ல. மாளிகையின் பார்வையில் பட்ட எடென்சர் கிராமத்து வீடுகள் நான்காம் டியூக் காலத்திலேயே இடிபட்டன. எஞ்சிய ஊரும் 1838க்குப் பிறகு அகற்றப்பட்டு, பார்வைக்கு எட்டாத இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. புது வீடுகள் உறுதியானவை, அழகானவை. அதை மறுப்பது நியாயமல்ல. ஆனால் ஊர் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது ஊரார் அல்ல, ஜன்னல் காட்சி.

வரவுப் பக்கமும் காலியில்லை. பூங்காவில் பிற்காலத்தில் ஆழ உழாததால், இடைக்கால உழவர்களின் ஏர் எழுப்பிய வரப்பு மேடுகள் சாய்வெயிலில் இன்றும் புல்லுக்கடியில் வரிவரியாகத் தெரிகின்றன. பாக்ஸ்டன் இங்கே வளர்த்த வாழை குடும்பப் பெயரைப் பெற்றது. நம் சந்தையில் ஜி-9 என விற்பதும் அந்தக் கேவண்டிஷ் இனம்தான்.

திருப்பம் 1950இல் வந்தது. பத்தாம் டியூக் இறந்ததும் 80 சதவீத வாரிசு வரி விழுந்தது. நிலமும் ஓவியங்களும் விலைபோயின. குடும்பத்தின் மற்றொரு மாளிகையான ஹார்ட்விக் கைமாறியது. 1981இல் சாட்ஸ்வொர்த்தைப் பொதுமக்களுக்காகப் பேண அறக்கட்டளை உருவானது.

என் தீர்ப்பு இது: நிலக்காட்சிக் கலையாகச் சாட்ஸ்வொர்த் முதல் வரிசையில் நிற்கும். 'காவலர்' பட்டத்தில் பாதிதான் குடும்பத்துக்கு உரியது. அவர்கள் உண்மையில் காத்தது, நிலம் துண்டாடப்படாத உரிமையை. மறுபாதி வரிச்சட்டத்துக்கு உரியது. முன்பும் பொதுமக்களை உள்ளே விட்டார்கள், ஆனால் அது தயவு. அறக்கட்டளைக்கு அது கடமை.