ஆற்றுப்படையும் குறிவிளம்பரமும்

சங்கப் பாக்களுள் ஆற்றுப்படை தனிச்சிறப்புடைய ஒரு துறை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், பெறாது வாடிவரும் கலைஞனை வழியிற் கண்டு, இன்ன வள்ளலிடம் செல்க, இன்ன வழியாகச் செல்க என்று ஆற்றுப்படுத்துவது அதன் இலக்கணம். தொல்காப்பியர் புறத்திணையியலில் இதனைக் குறித்துள்ளார். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இப்பெயர் பூண்டவை. வகுப்பறையில் இவற்றைக் கற்பிக்கும்போது வள்ளலின் கொடைச்சிறப்பையே நாம் பெரிதும் எடுத்துரைக்கிறோம். ஆயின் ஈண்டுக் கருதவேண்டுவது வேறொன்று. கலைஞன் தன்னைக் கேட்போரைத் தேடி அலைவதும், அவனுக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டியிருப்பதும் இன்று நேற்று வந்தவை அல்ல என்பதே அது.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இன்று திரைப்படத்தைச் சாராமல், பெரிய இசை நிறுவனத்தின் துணையுமின்றித் தமிழ்ப்பாட்டு இயற்றி வெளியிடும் இளைஞர் பலர் உளர். அவர்தம் பாட்டைத் தனியிசை என்கிறோம். பாட்டை ஆக்கி முடித்த பின் அவர்கள் முன் நிற்கும் வினா, இதனை யார் கேட்பார் என்பதே. அவ்வினாவுக்கு முகநூலும் இன்ஸ்டாகிராமும் யூடியூபும் ஒரு விடை வைத்திருக்கின்றன. பணம் செலுத்துக, கேட்கத்தக்கவரை நாங்களே தேடிக் கொணர்வோம் என்பது அவ்விடை. இன்னாருக்கு மட்டும் என்று குறித்து அனுப்பப்படும் இவ்விளம்பரத்தைக் குறிவிளம்பரம் எனலாம். இது தனியிசைக்கு ஆற்றுப்படை ஆகுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அதன் இயல்பை அறிதல் வேண்டும். நாளிதழ் விளம்பரம் இதழை வாங்குவோர் அனைவர்க்கும் பொது. குறிவிளம்பரமோ அவ்வாறன்று. பதினெட்டு முதல் முப்பது வயதுக்கு உட்பட்டவர், கிள்ளான் நகரைச் சுற்றி இத்துணைக் கிலோமீட்டருக்குள் இருப்பவர், இன்ன இசையமைப்பாளரிடம் விருப்பமுடையவர் என்றெல்லாம் விளம்பரம் தருவோரே வரையறுக்கலாம். நாளொன்றுக்குச் செலவிடும் தொகையையும் அவரே குறிப்பார். ஒவ்வொரு முறை விளம்பரம் காட்டப்படும்போதும், திரையின் அந்தச் சிறு இடத்துக்கு உள்ளுக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. யார் விரைந்து பொத்தானை அழுத்துகிறார் என்று இயந்திரம் கற்றுக்கொண்டு, அவரை ஒத்த பிறரை மேலும் தேடுகிறது.

இதன் நன்மையை மறைப்பது நேர்மையாகாது. நம் நாட்டில் தமிழ்ப்பாட்டு மக்களை அடைவதற்கு நெடுங்காலம் இருந்த வாயில்கள் மிகச் சிலவே. அரசு வானொலியின் தமிழ்ப்பிரிவாகிய மின்னல், தனியார் வானொலியாகிய ராகா, தொலைக்காட்சியின் சில நேரங்கள், கடைத்தெருவின் ஒலிநாடா வணிகர் ஆகியோரே அவ்வாயில்களைக் காத்தனர். ஒலிபரப்பு நேரத்திற் பெரும்பங்கு சென்னைத் திரைப்பாடலுக்கே உரியதாயிற்று. இந்நிலையில், பத்து இருபது வெள்ளி கையிலுள்ள இளைஞன் எவரது தயவையும் நாடாமல் தன் பாட்டைச் சில நூறு பேர் முன் வைக்க இயல்வது பெரிய மாற்றமே. ஆதலின் குறிவிளம்பரத்தை முற்றும் ஒதுக்குக என்று நாம் கூறவில்லை. அது காட்டும் வழி எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதைத்தான் கேட்கிறோம்.

முதலாவது, இயந்திரம் தமிழரை எவ்வாறு அறிகிறது? மொழி என்னும் குறியைத் தேர்ந்தால், ஒருவர் தம் கணக்கையும் கைப்பேசியையும் எம்மொழியில் வைத்திருக்கிறார் என்பது போன்ற அடையாளங்களையே அது பெரிதும் நம்புகிறது. நம் இல்லங்களில் தமிழ் பேசுவோர் பலர். கைப்பேசியைத் தமிழில் வைத்திருப்போர் மிகச் சிலர். வீட்டில் தமிழும், அலுவலகத்தில் ஆங்கிலமும், கடையில் மலாயும் பேசும் பிரிக்பீல்ட்ஸ் இளைஞர், இயந்திரத்தின் கணக்கில் ஆங்கிலத்தாராகவே நிற்கிறார். பாடுவோரும் பாட்டின் பெயரை உரோமன் எழுத்திலேயே எழுதுகின்றனர். தமிழ்ப்பாட்டு தமிழ் எழுத்தின்றி வெளிவருகிறது. தமிழ்க் காதும் தமிழ் அடையாளமின்றி இருக்கிறது. இவ்விரண்டையும் இயந்திரம் எங்ஙனம் இணைக்கும்?

மொழியால் இயலாதபோது விருப்பத்தால் தேடுகின்றனர். இஃது இரண்டாவது இடர், முன்னதினும் பெரிது. 2022ஆம் ஆண்டு சனவரியில் இனம், சமயம், அரசியற் கொள்கை, உடல்நலம் முதலியவற்றைத் தொட்ட நுண்குறிகள் பலவற்றை மெட்டா நிறுவனம் நீக்கியது. மக்களை இவ்வாறு பிரிப்பதால் விளையும் தீங்கை எண்ணின் அது தக்க செயலே. எஞ்சி நிற்பவற்றுள் தமிழ் இசைஞனுக்கு எளிதிற் கிட்டும் குறி திரைப்படமே. இன்ன நடிகரை விரும்புவோர், இன்ன இசையமைப்பாளரை விரும்புவோர் என்று அவன் குறிக்கிறான். விளம்பரம் அவர்களிடம் செல்கிறது. திரைப்பாட்டுப் போல் ஒலிப்பதை அவர்கள் அழுத்துகின்றனர். அல்லாததைக் கடந்து செல்கின்றனர். அடுத்த பாட்டை ஆக்கும்போது அவ்விளைஞன் என் செய்வான்? சென்ற முறை எது அழுத்தப்பட்டது என்று பார்த்து, முதல் ஐந்து நொடிக்குள் திரையிசையின் சாயலை வைப்பான். பாட்டுக்கு ஆள் தேடப் புகுந்த விளம்பரம், ஆளுக்கு ஏற்பப் பாட்டைத் திருத்திவிடுகிறது. கேட்போர் குறி என்று நாம் எண்ணினோம். குறி பாடுவோன் மேலும் விழுகிறது.

திரைப்பாட்டை நாடுவதே குற்றமோ என்று கேட்கலாம். குற்றமன்று. அதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. யோகி பி, நட்சத்திரா என்னும் பெயரில் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பில் ‘மடை திறந்து’ என்னும் பாட்டு இடம்பெற்றது. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராசா அமைத்த மெட்டை எடுத்துக்கொண்டு, அதனுள் தம் சொல்லிசையை அவர்கள் புகுத்தினர். மூலப்பாடல் அப்படத்தில் வாய்ப்புத் தேடும் இசைஞன் ஒருவனது கனவாக வருவது. திரைக்கு வெளியே, கடலுக்கு இப்பால், வாய்ப்பின்றி நின்ற இளைஞர்கள் அதனையே தேர்ந்தெடுத்தது பொருத்தமுடையது. பழகிய மெட்டு காதை ஈர்க்கிறது. அடுத்த கணம் பழகாத குரலும் பழகாத வேகமும் அக்காதை வியக்க வைக்கின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கேட்போரே உணர்கின்றனர். பாட்டு தமிழகம் வரை சென்றது. 2007இல் ‘பொல்லாதவன்’ படத்திலும், பின்னர் 2017இல் ‘விவேகம்’ படத்திலும் யோகி பியின் குரல் ஒலித்தது.

குறிவிளம்பரமும் திரைப்பற்றைத்தானே பாலமாகக் கொள்கிறது, வேறுபாடு யாது என்று ஐயுறலாம். ‘மடை திறந்து’வில் பாலம் பாட்டினுள்ளேயே இருக்கிறது. அதனைக் கட்டியவர் கலைஞர். கடந்து செல்பவர் தாம் எங்கிருந்து எங்கே செல்கிறோம் என்பதை அறிவார். குறிவிளம்பரத்தில் பாலம் பாட்டுக்குப் புறத்தே, ஒருவரும் காணாத கணக்கேட்டில் இருக்கிறது. கேட்பவருக்குத் தாம் ஏன் அழைக்கப்பட்டோம் என்பதே தெரியாது. முன்னது படைப்பு; பின்னது வகைப்படுத்தல்.

மூன்றாவது இடர் எண்ணிக்கை. முகநூலில் நெடுங்காலம், மூன்று நொடி ஓடினாலே அது காணொளிப் பார்வை எனக் கணக்கேறியது. மூன்று நொடியில் பல்லவியின் முதற்சீர் முடியுமா? அன்றியும் ஓர் இளைஞன் மலேசியாவையும் இந்தியாவையும் ஒருங்கே குறித்துப் பணம் செலுத்துகிறான் என்று கொள்வோம். குறைந்த விலையில் மிகுந்த பார்வை பெறுவதே இயந்திரத்துக்கு இட்ட பணி. பார்வை எந்நாட்டில் மலிவோ, அங்கேயே பணம் ஓடும். கிள்ளானுக்கென எழுதிய பாட்டு எங்கோ ஓர் ஊரில் மூன்று நொடி ஓடி நிற்க, கிள்ளானில் அது சென்ற இடமே தெரியாமற் போகக்கூடும். ஆயினும் கணக்கேடு ஐம்பதாயிரம் என்று காட்டும், இளைஞனும் மகிழ்வான்.

எண்ணிக்கையின் மயக்கம் சிறியோரோடு நிற்பதன்று. 2019ஆம் ஆண்டு சூலையில் இந்தி ராப் பாடகர் பாட்ஷாவின் ‘பாகல்’ என்னும் பாட்டு ஒரே நாளில் 7.5 கோடிப் பார்வை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. விளம்பரம் வாங்கியே அவ்வெண்ணிக்கை பெருக்கப்பட்டது என்னும் செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் யூடியூப், விளம்பரத்தால் வரும் பார்வைகளைத் தன் இசைத் தரவரிசையிலும் முதல் நாள் சாதனைக் கணக்கிலும் இனிச் சேர்ப்பதில்லை என அறிவித்தது. விளம்பரத்தை விற்கும் நிறுவனமே, அதனால் வரும் பார்வை வேறு, விரும்பி வரும் பார்வை வேறு என்று ஒப்புக்கொண்டது எனலாம். இதனினும் வலுவான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

வருவாயின் பக்கம் நோக்கினும் நிலைமை கடிதே. ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1000 முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகை கணக்கிடுவதில்லை. ஒருமுறை கேட்டது எனக் கொள்ள 30 நொடியேனும் ஓடவேண்டும். விளம்பரம் வழி வந்து பத்து நொடியில் வெளியேறுவோர் ஓராயிரம் பேராயினும் பாடுவோனுக்கு ஒரு காசும் சேராது. மீண்டும் மீண்டும் வந்து கேட்கும் ஐம்பது பேர் ஆண்டில் இருபது முறை கேட்டாலோ, அந்த ஆயிரம் நிறைந்துவிடும். ஆக இக்கலைக்கு வேண்டுபவர் ஒருமுறை பார்ப்போரல்லர், திரும்பி வருவோரே.

இனி நான்காவதாக ஒன்று உண்டு. அது பணத்தைப் பற்றியதன்று. யோகி பி முன்னர் இடம்பெற்றிருந்த பொயட்டிக் அம்மோ குழு 1998இல் வெளியிட்ட ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ என்னும் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனிய மொழி ஆகிய நான்கிலும் பாட்டுகள் இருந்தன. கோலாலம்பூரின் காதைக் கருதி ஆக்கிய தொகுப்பு அது. தமிழறியா அண்டைவீட்டார் காதிலும் அதன்வழித் தமிழ் விழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடைவாயிலிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ஒலிபெருக்கியில் தமிழ்ப்பாட்டு எழும்போது, தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் அதனைக் கேட்டே நடக்கின்றனர். ஒலிபெருக்கிக்குக் குறி கிடையாது. தமிழ்த்திரை விரும்புவோர்க்கு மட்டும் என்று குறித்த விளம்பரமோ அண்டைவீட்டாரை முன்கூட்டியே விலக்கிவிடுகிறது. பல மொழி வழங்கும் நாட்டில் ஒரு சிறுபான்மையினரின் கலை, தன்னைச் சுற்றித் தானே வேலி எழுப்பிக்கொள்ளலாமா?

இவ்விடர்களை எண்ணும்போதுதான் ஆற்றுப்படையின் நுட்பம் விளங்குகிறது. வழிகாட்டுவோன் அவ்வழியே தான் சென்று பயன் பெற்றவன். மலைபடுகடாத்துக் கூத்தன் நன்னனது சிறப்பை மட்டும் உரைத்து அமைவதில்லை. வழியிலுள்ள இடர்களையும், ஆங்காங்கு வாழ்வோர் தரும் உணவையும் ஒன்றுவிடாமல் சொல்கிறான். கேட்ட நெஞ்சின் சான்று அதில் உண்டு. குறிவிளம்பரம் எப்பாட்டையும் கேட்டதில்லை. நல்ல பாட்டுக்கும் தீய பாட்டுக்கும் அது ஒரே குரலில் பேசும். பெறும் கூலியும் ஒன்றே.

கேட்போரைத் தேடுவதினும் கேட்போரை உருவாக்குவது பெரிது. இதற்கு நம் இதழியல் வரலாறே சான்று. 1950ஆம் ஆண்டையொட்டித் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். எழுதத் தெரியாதவர்க்கு எழுதக் கற்பித்து, எழுதியதைத் திருத்தி, குறை நிறை காட்டினர். அவ்விதழ் 2019இல் நின்றுவிட்டது. ஆயினும் அவ்வகுப்பு நம் சிறுகதைக்கு எழுத்தாளரைத் தந்தது. எதனை எவ்வாறு படிக்கவேண்டும் என்று அறிந்த வாசகரையும் தந்தது. நம் தனியிசைக்கு அத்தகைய வகுப்பு இன்றுவரை வாய்க்கவில்லை. பாட்டு வெளிவருகிறது, பார்வை எண்ணப்படுகிறது, சொல் நன்றா, இசை நன்றா என்று எடுத்துரைப்பாரைக் காண்பது அரிது.

ஆதலின் பாடுவோர்க்கு நாம் கூறுவது சிலவே. பிரிக்பீல்ட்ஸ் அரங்கில் இன்ன நாள் நிகழ்ச்சி என்று அண்மையில் வாழ்வோர்க்கு அறிவிக்கவும், முன்னரே உங்கள் பாட்டை முழுதும் கேட்டவர்க்கு அடுத்த பாட்டை அறிவிக்கவும் குறிவிளம்பரம் ஏற்ற கருவி. அவற்றுக்குச் செலவிடுக. முன்பின் அறியாதவரின் மூன்று நொடிக்காகச் சேமிப்பைக் கரைக்கற்க. பாட்டின் பெயரையும் முழுப் பாடலையும் தமிழ் எழுத்தில் எழுதி வெளியிடுக. தேடுவோர்க்கும் கற்போர்க்கும் அதுவே முதல் வழி.

தமிழாசிரியர்க்கும் வாசகர்க்கும் கூறுவது ஒன்றே. நம் நாட்டு இளைஞரின் பாட்டு ஒன்றைத் திங்களுக்கு ஒருமுறையேனும் முழுதும் கேளுங்கள். சொற்குற்றம் இருப்பின் சுட்டுங்கள். நல்ல சொல் வாய்த்திருப்பின் மாணவர்க்கு எடுத்துரையுங்கள். பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. நல்ல பாட்டொன்றைக் கேட்டுப் பயன்பெற்றவர், அதனை இன்னும் கேளாத ஒருவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அக்கடமையை நாம் செய்யாது விட்ட இடத்தில்தான் விளம்பரம் வந்து அமர்ந்திருக்கிறது.