‘எந்த நாடு சேஃப்?’ – என் எக்செல் ஷீட்டில் இருந்த பிழை

இரண்டு மாதம் முன்னால் நல்லவாட்டிலிருந்து அக்கா ஃபோன் பண்ணினாள். "உன் மருமவ தனியா வெளிநாடு போறேன்னு நிக்கிறா. அவ சம்பளத்துல அவளே காசு சேத்து வெச்சிருக்கா, நான் சொன்னா கேக்கல. எந்த நாடு சேஃப்னு நீயாவது பாத்து சொல்லு. எல்லாம் கம்ப்யூட்டர்ல தான இருக்கு?"

மருமகளுக்கு 27 வயது. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ராத்திரி டூட்டி முடித்து விடிகாலையில் ஸ்கூட்டியில் தவளக்குப்பம் வழியாகத் தனியாகத்தான் வீடு திரும்புகிறாள். அதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் ஷீட் கேட்டதில்லை. பத்து நாள் வெளிநாடு என்றதும் வீடே கூடி உட்கார்ந்துவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்து எக்செல் போட்டேன். வரிசையில் நாடுகள், பத்தியில் உலகக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெயிட், கடைசியில் கூட்டி நூற்றுக்கு மார்க். பச்சை, மஞ்சள், சிவப்பு கலரும் கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அனுப்பிய பத்தாவது நிமிடம் பதில் வந்தது:

"மாமா, இந்த ஷீட்டுல நான் எங்க இருக்கேன்?"

முதலில் கொஞ்சம் கோபம்தான். பிறகு ஒவ்வொரு பத்தியும் எங்கிருந்து வருகிறது, யாரை என்ன கேட்டு எடுத்தார்கள் என்று நோண்ட ஆரம்பித்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

நான் அதிக வெயிட் கொடுத்திருந்தது உலக அமைதிக் குறியீட்டுக்கு. சிட்னியைத் தலைமையகமாகக் கொண்ட பொருளாதாரம் மற்றும் அமைதிக்கான நிறுவனம் 2007 முதல் வெளியிடுவது. 163 நாடுகள், 23 அளவீடுகள். ஐஸ்லாந்து 2008-லிருந்து முதலிடம். ‘தனியாகப் பயணிக்கும் பெண்களுக்குப் பாதுகாப்பான பத்து நாடுகள்’ என்று வரும் கட்டுரைகளில் பலவற்றைத் துருவினால் இங்கேதான் வந்து நிற்கும். அந்த 23-ஐயும் ஒவ்வொன்றாகப் படித்தேன். ராணுவச் செலவு, ஆயுத ஏற்றுமதி, அணு ஆயுதமும் கனரக ஆயுதமும், பக்கத்து நாடுகளோடு உறவு, சிறையில் இருப்பவர்கள் எத்தனை பேர், ஐ.நா. அமைதிப்படைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுத்தார்களா. கொலை விகிதமும் வன்முறைக் குற்றமும் உண்டு. ஆனால் பெண்கள் என்று தனியாக ஒரு அளவீடுகூட இல்லை. அது அந்தக் குறியீட்டின் குற்றமில்லை. நாடுகள் எவ்வளவு அமைதியாக இருக்கின்றன என்று பார்க்கத்தான் அதைச் செய்தார்கள். ஐ.நா.வுக்கு பாக்கி வைக்காத நாட்டில் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் நிம்மதியாக நிற்கலாம் என்று முடிச்சுப் போட்டது நான்.

சரி, பெண்களுக்கென்றே உள்ளதை எடுப்போம் என்று அடுத்ததற்குப் போனேன். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமும் ஆஸ்லோவின் அமைதி ஆய்வு நிறுவனமும் 2017-லிருந்து வெளியிடும் பெண்கள், அமைதி, பாதுகாப்புக் குறியீடு. 2023-24 பதிப்பில் 177 நாடுகள். டென்மார்க் முதல், ஆப்கானிஸ்தான் கடைசி. உருப்படியான வேலை, சந்தேகமில்லை. 13 அளவீடுகள்: பெண்களின் படிப்பு, வேலை, வங்கிக் கணக்கு, நாடாளுமன்ற இடங்கள், பேறுகால மரணம், கணவனால் வரும் வன்முறை, இப்படி. அந்த நாட்டில் பிறந்து, படித்து, வாழ்கிற பெண்ணின் நிலையை இது அளக்கிறது. பத்து நாள் தங்கிவிட்டு வரப்போகிறவளுக்கு அந்த ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் எம்.பி. என்பது எந்த அளவுக்கு உதவும்? கொஞ்சம் உதவலாம். நான் அதற்கு 30 மார்க் கொடுத்திருந்தேன்.

அந்த 13-இல் ஒன்று மட்டும் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. கேலப் நிறுவனம் உலகம் முழுக்கக் கேட்கும் கேள்வி: நீங்கள் வசிக்கும் ஊரில் அல்லது பகுதியில் ராத்திரி தனியாக நடந்து போவது பாதுகாப்பாக இருப்பதாக உணர்கிறீர்களா?

இந்தக் கேள்வியை நான் நாலைந்து தடவை படித்தேன். ‘நீங்கள் வசிக்கும்’ என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நல்லவாட்டில் அக்காவைக் கேட்டால் "ஆமா, எனக்கென்ன பயம்" என்பாள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டுத் திண்ணையில் பத்து மணிக்கும் ஆள் உட்கார்ந்திருக்கும், எந்தச் சந்தில் சாராய பாட்டில் கிடக்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் வருகிற தைரியம் அது. புதிதாக வந்து இறங்குகிற ஒருத்திக்கு அந்தத் தைரியத்தில் பங்கு கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. ராத்திரி வெளியே போகவே விடாத ஊரிலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அங்கே ‘ஆமாம்’ என்று சொல்கிறவள் நடந்து பார்த்துச் சொல்கிறாளா, நினைத்துப் பார்த்துச் சொல்கிறாளா? எண்ணில் இரண்டும் ஒன்றுதான்.

வளைகுடா நாடுகள் இந்தக் கேள்வியில் மிக உயரத்தில் வரும். தெருவில் பயமில்லை என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அசம்பாவிதம் ஏதாவது நடந்துவிட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. 2013-இல் துபாயில் தன்னை ஒருவன் பலாத்காரம் செய்ததாகப் போலீசில் சொன்ன நார்வே பெண்ணுக்கு, திருமணத்துக்கு வெளியே உறவு, மது என்று குற்றம் சாட்டி 16 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். உலகம் முழுக்கச் சத்தம் எழுந்த பிறகு மன்னிப்பு கொடுத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் அங்கே சட்டம் ஓரளவு மாறியிருக்கிறது. ஆனாலும் ‘புகார் கொடுக்கப் போனால் நான் யார், புகார்தாரரா குற்றவாளியா’ என்ற பத்தி என் ஷீட்டில் இல்லவே இல்லை.

போலீஸ் கணக்கை நம்பலாமா என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். பதிவான பலாத்கார வழக்குகளை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினால் ஸ்வீடன் பயங்கரமான நாடாகத் தெரியும். காரணம், அங்கே சட்டத்தின் வரையறை விரிவானது. ஒரே ஆள் பல தடவை செய்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். பெண்கள் தயங்காமல் புகார் கொடுக்கிறார்கள். புகாரே வாங்காத நாடு அதே வரிசையில் பரிசுத்தமாக ஜொலிக்கும். சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். லாக் எழுதாத சர்வரில் எரர் இருக்காது.

இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. 2018-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, பெண்களுக்கு உலகிலேயே ஆபத்தான நாடு இந்தியா என்று அறிவித்தது நினைவிருக்கும். ஆப்கானிஸ்தானும் சிரியாவும்கூட நமக்கு அடுத்துதான். சுமார் 550 நிபுணர்களின் அபிப்பிராயம்தான் அதற்கு அடிப்படை. மத்திய அரசு நிராகரித்தது; நானும் ஆஃபீஸ் கேன்டீனில் "இதெல்லாம் ஒரு டேட்டாவா" என்று பொங்கினேன். நம் நாட்டைப் பற்றிய பட்டியல் என்றால் முறையியல் கேட்கிறோம். மற்ற நாட்டைப் பற்றியது என்றால் அப்படியே எடுத்து எக்செல்லில் ஒட்டுகிறோம்.

அக்காவின் வாதம் கடைசியில் ஒன்றுதான்: வீட்டில் இருந்தால் ஒன்றுமில்லையே. அதையும் பார்த்துவிட்டேன். ஐ.நா.வின் கணக்குப்படி 2023-இல் உலகத்தில் வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000. அதில் 51,100 பேரைக் கொன்றது கணவன், காதலன், அல்லது குடும்பத்தினர். அக்காவிடம் இந்த எண்ணைச் சொல்லவில்லை. சொன்னால் ஃபோனை வைத்துவிடுவாள்.

இப்போது எங்கள் ஊர்க்கதை ஒன்று. நிறையப் பேருக்குத் தெரிந்ததுதான், ஆனால் இங்கே அவசியம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை மையமாக வைத்து எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வங்கக்கடல் பாதுகாப்பான கடலா என்று எந்த மீனவரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். நாளைக்குக் காலையில், இந்தக் கரைக்கு எதிரே, அலை எத்தனை அடி? அதுதான் கேள்வி.

2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு மையத்தில் முன்பு தன்னார்வலராக இருந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டிவியில் சுனாமி செய்தி பார்த்ததும் வீட்டுக்கு ஃபோன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். படகும் வீடும் போயின. சுமார் 3,600 பேர் உயிரோடு இருந்தார்கள். அன்றைக்கு என் மருமகளுக்கு ஆறு வயது. அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் பெங்களூரில் முதல் வேலையில் இருந்தேன், மத்தியானம் வரை எதுவும் தெரியாமல்.

இதைச் சொல்லக் காரணம், தெரிந்த ஆள், குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம், சேர்ப்பிக்க ஒரு வழி என்று நாலும் அன்றைக்குச் சேர்ந்திருந்தன. என் ஷீட்டில் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை. நாடு என்பது மிகப் பெரிய யூனிட். சர்வரின் சராசரி ரெஸ்பான்ஸ் டைம் பிரமாதமாக இருக்கும்போதே நூற்றில் ஒரு ரெக்வெஸ்ட் தொங்கிக்கொண்டிருக்கும். பயணம் போகிறவள் அந்த ஒரு ரெக்வெஸ்ட்டாக ஆகிவிடாமல் பார்க்க வேண்டும், அதற்குச் சராசரி உதவாது.

மருமகள் என்ன செய்தாள் என்றால், ஒரு நோட்டில் நாலு பக்கம் எழுதியிருந்தாள். விமானம் பகலில் இறங்குகிறதா என்பது முதல் வரி. நடுராத்திரி இறங்கும் மலிவு டிக்கெட்டை அடித்துவிட்டு இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறாள். ரூமுக்கும் ரயில் நிலையத்துக்கும் எவ்வளவு நடை, அந்தத் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடை போட்டிருக்கும் பொம்பளைங்க இருக்காங்களா, ஹோட்டல் விமர்சனங்களில் பெண்கள் எழுதியதில் தாழ்ப்பாளைப் பற்றி என்ன சொல்கிறார்கள், மொழி தெரியாமல் மாட்டினால் யாரிடம் பேசலாம், போலீஸ் நம்பர், இந்தியத் தூதரக நம்பர். "நான் டூட்டில புது வார்டு போனா முதல்ல ஆக்சிஜன் பாயின்ட் எங்கன்னு பாப்பேன் மாமா. அதே மாதிரிதான்."

அப்படித் தேடித்தான் மலேசியா என்று முடிவு செய்தாள். கோலாலம்பூரில் இரண்டு நாள், மிச்சம் பினாங்கு. ஜார்ஜ் டவுனில் ராத்திரிச் சாப்பாட்டுக் கடைகள் குடும்பமாக நடத்துகிறவை நிறைய. தமிழிலேயே வழி கேட்கலாம். கோலாலம்பூர் பக்கம் கேடிஎம் கொம்யூட்டர் ரயிலில் 2010 முதல் பெண்களுக்குத் தனிப் பெட்டி. (இதற்கு என் ஷீட்டில் கூட்டல் மார்க் போடுவதா, கழித்தலா? தனிப் பெட்டி தேவைப்பட்டது என்பதே ஒரு தகவல் இல்லையா? நம் சென்னை மின்சார ரயிலுக்கும் இதே கேள்விதான்.)

என் ஷீட்டிலும் மலேசியா பச்சையில்தான் இருந்தது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை.

போய்விட்டு வந்துவிட்டாள். தமிழ் பேசுகிற ஊர் என்பதில் ஒரு தொந்தரவு மட்டும் அவள் எதிர்பார்க்காதது: இட்லிக் கடையில் தொடங்கி கோயில் வாசல் வரை "தனியாவாம்மா வந்தே? வீட்டுக்காரரு வரலியா?" என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது நாளிலிருந்து "ரூம்ல தூங்குறாரு" என்று சொல்லிவிட்டாளாம்.

நாலாம் நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் அவள் லொக்கேஷன் புள்ளி ஒரு மணி நேரம் நகரவே இல்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு, "உன் ஷீட்ட பாத்து சொல்லுடா, அவ எங்க இருக்கா?" என்றாள். ஃபோனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. பவர் பேங்க் என் ஷீட்டிலும் இல்லை, அவள் நோட்டிலும் இல்லை.