மன்னிப்பும் மறுமொழியும்

குற்றவாளியை மன்னிக்கும் அதிகாரத்தை ஒரே மனிதரிடம் ஒப்படைக்கலாமா? அமெரிக்க அரசியலமைப்பு உருவானபோதே எழுந்த வினா இது. குடியரசுத் தலைவர் தாமே மறைவில் தூண்டிய குற்றத்தைச் செய்தவரை மன்னித்து, தம் பழியையும் மூடிவிடக்கூடும் என்று 1787-இல் ஜார்ஜ் மேசன் எச்சரித்தார். 1788-இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் ‘பெடரலிஸ்ட்’ வரிசையின் 74-ஆம் கட்டுரையில் இவ்வதிகாரத்துக்காக வாதிட்டார்.

சட்டம் இயல்பிலேயே கடுமையுடையது. விதிவிலக்குக்கு வழியில்லையேல் நீதியே கொடுமையாகிவிடும் என்கிறார் அவர். ஓர் உயிர் தம் சொல்லொன்றில் தங்கியிருப்பதை உணரும் தனிமனிதர் அஞ்சி நடப்பார். பலர் கூடினாலோ ஒருவர் துணிவில் மற்றவரும் நெஞ்சம் இறுகுவர் என்பது அவர் கருத்து.

இக்கட்டுரையில் என்னைக் கவர்ந்தது அதன் நேர்மை. தேசத்துரோகக் குற்றத்தை மன்னிக்கச் சட்டமன்றத்தின் இசைவும் வேண்டும் என்போர்க்கு வலுவான காரணங்கள் உண்டு என்றும், தலைவரே உடந்தையாயிருக்கலாம் என்னும் ஐயத்தை அறவே ஒதுக்க இயலாது என்றும் ஒப்புக்கொண்ட பின்னரே தம் முடிவைக் கூறுகிறார். எதிர்வாதத்தின் வலிமையை மறைக்காமல் வாதிடுவது இன்று அரிதாகிவிட்ட பண்பு.

குறையும் உண்டு. மன்னிப்பவரின் மனச்சான்றை நம்பும் கட்டுரை, அவர் மக்களுக்கு மறுமொழி கூறும் கடமையைப் பேசவில்லை. 1974 செப்டம்பர் 8 அன்று ஜெரால்டு ஃபோர்டு, வழக்கே தொடரப்படாத நிலையில் ரிச்சர்டு நிக்சனை முழுமையாக மன்னித்தார். உண்மை நீதிமன்றத்தில் வெளிப்படும் வாய்ப்பு அன்றே அடைபட்டது. ஆயினும் அக்டோபர் 17 அன்று அவர் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன் நேரில் அமர்ந்து வினாக்களுக்கு விடையளித்தார். அச்செயலை நான் மதிக்கிறேன்.

2024 டிசம்பரில் ஜோ பைடன் தம் மகனை மன்னித்தார். 2025 சனவரியில் டொனால்டு டிரம்ப், 2021 சனவரி 6 நாடாளுமன்றக் கட்டட வன்முறை தொடர்பாக ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். இவை இரண்டும் ஒரே தன்மையன அல்ல. எனினும், தம்மவர் அளித்தால் இரக்கம், மாற்றார் அளித்தால் முறைகேடு என்று பேசியோர் பலர். அறிக்கை விடுவது எளிது. எதிரிலிருப்பவரின் வினாவுக்கு விடை கூறுவதே கடினம்.

இரக்கமும் நீதியும் பகையல்ல என்று இறையியல் கற்ற நாளில் அறிந்தேன். உண்மையை மறைத்தலே இரண்டுக்கும் பகை. ஆதலின் வாசகரே, அடுத்த மன்னிப்புச் செய்தியைப் படிக்கையில், நமக்குப் பிடிக்காதவர் இதைச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.